ஒரு பை, மூன்று பொருள்கள்

சனிக்கிழமை மாலை. கோலாலம்பூரின் மஸ்ஜித் இந்தியா சாலையில் கூட்டம் அலைமோதுகிறது. மல்லிகைச் சரங்கள் தொங்கும் பூக்கடைகள், வண்ணச் சேலைகள் அடுக்கிய துணிக்கடைகள், நாசி கண்டார் மணம் வீசும் உணவகங்கள் என எங்குப் பார்த்தாலும் வணிகம். பக்கத்திலுள்ள லோரோங் துவாங்கு அப்துல் ரஹ்மானில் இரவுச் சந்தைக்குக் கடை விரிக்கிறார்கள். இந்திய முஸ்லிம்கள் 1863-ஆம் ஆண்டில் எழுப்பிய பள்ளிவாசலே இவ்வட்டாரத்திற்குப் பெயர் தந்தது.

படிவம் நான்கில் பயிலும் மாணவி ஒருத்தி தன் தாயாருடன் இங்கு வந்திருக்கிறாள். ‘பன்னாட்டு நிறுவனங்களும் சுற்றுச்சூழலும்’ என்னும் தலைப்பில் கட்டுரை எழுதி வருமாறு ஆசிரியை பணித்திருக்கிறார். என்ன எழுதுவதென்று தெரியாமல் ஒரு வாரமாகத் தவிக்கிறாள் அவள். தாயார் மளிகைக் கடையில் குளியல் சவர்க்காரம் வாங்குகிறார். துணிக்கடையில் மகனுக்கு ஒரு டி-சட்டை எடுக்கிறார். வெயிலுக்கு ஒரு போத்தல் குளிர்பானமும் பையில் சேர்கிறது.

“அண்ணே, இந்தச் சட்டை எங்கே செய்தது?” என்று மாணவி கேட்கிறாள்.

“இந்தியாச் சரக்குதான் தங்கச்சி. திருப்பூரிலிருந்து வருகிறது. அங்கே தைக்காத கம்பெனியே இல்லை” என்கிறார் கடைக்காரர்.

மாணவி பையைத் திறந்து பார்க்கிறாள். போத்தல், சவர்க்காரம், சட்டை. தான் தேடிய கட்டுரை இந்தப் பையிலேயே இருப்பதாக அவளுக்குத் தோன்றுகிறது.

பன்னாட்டு நிறுவனங்கள் ஏன் சுற்றுச்சூழலைப் பேசுகின்றன?

ஒரு நாட்டில் தலைமையகத்தை வைத்துக்கொண்டு பல நாடுகளில் பொருள்களை உற்பத்தி செய்தும் விற்றும் வருவது பன்னாட்டு நிறுவனம் ஆகும். இத்தகைய நிறுவனத்தின் மூலப்பொருள் ஒரு நாட்டில் விளையும். தொழிற்சாலை வேறொரு நாட்டில் இயங்கும். பொருள் மற்றொரு நாட்டில் விற்கும். கழிவு எங்கோ ஓரிடத்தில் சேரும். ஆகவே, ஒரு நிறுவனம் எடுக்கும் முடிவு பல நாடுகளின் ஆறுகளையும் காடுகளையும் மக்களையும் தொடுகிறது.

1987-ஆம் ஆண்டில் ஐக்கிய நாடுகள் அமைப்பின் பிரண்ட்லாண்ட் குழு வெளியிட்ட அறிக்கை, ‘நீடித்த நிலையான மேம்பாடு’ என்னும் கருத்தை உலகெங்கும் பரவச் செய்தது. இன்றைய தலைமுறை தன் தேவையை நிறைவேற்றிக்கொள்ளும்போது, நாளைய தலைமுறையின் தேவைக்கு ஊறு நேரக்கூடாது என்பதே அதன் சாரம். 2015-ஆம் ஆண்டில் ஐக்கிய நாடுகள் அமைப்பு 17 மேம்பாட்டு இலக்குகளை ஏற்றது. பொறுப்பான உற்பத்தியும் நுகர்வும் அவற்றுள் பன்னிரண்டாவது இலக்கு. அதே ஆண்டில், பங்குச் சந்தைப் பட்டியலிலுள்ள நிறுவனங்கள் தங்கள் ஆண்டறிக்கையில் நிலைத்தன்மை குறித்தும் எழுத வேண்டும் என்னும் விதியைப் புர்சா மலேசியா கொண்டுவந்தது.

நிறுவனங்கள் நல்லெண்ணத்தால் மட்டும் மாறுவதில்லை. சட்டம் வற்புறுத்துகிறது. வாடிக்கையாளர் கேள்வி கேட்கிறார். முதலீட்டாளர் கணக்குக் கேட்கிறார். மூலப்பொருள் தீர்ந்துபோகுமோ என்னும் அச்சமும் எழுகிறது. இவற்றுள் எது எப்போது வேலை செய்கிறது, எது வேலை செய்யாமல் போகிறது என்பதைப் பையிலுள்ள மூன்று பொருள்களைக்கொண்டு அறியலாம்.

முதலாவது: போத்தல்

மஸ்ஜித் இந்தியாவிலிருந்து சில நிமிடம் நடந்தால் கிள்ளான் ஆறும் கோம்பாக் ஆறும் கூடும் இடம் வந்துவிடும். அந்தக் கூடலில்தான் மஸ்ஜித் ஜாமெக் பள்ளிவாசல் நிற்கிறது. கோலாலம்பூர் நகரம் பிறந்ததும் அங்கேதான். சாலையோரத்தில் வீசப்பட்ட ஒரு நெகிழிப் போத்தல் மழைநீரில் உருண்டு கால்வாயில் விழுந்தால், அது இந்த ஆற்றில் சேர்ந்து, கிள்ளான் நகரைக் கடந்து, மலாக்கா நீரிணையை அடையக்கூடும்.

2019-ஆம் ஆண்டு முதல் கிள்ளானில் அத்தகைய போத்தல்களை ஓர் இயந்திரம் வழிமறிக்கிறது. நெதர்லாந்தைச் சேர்ந்த ‘தி ஓஷன் கிளீனப்’ என்னும் அமைப்பு உருவாக்கிய ‘இன்டர்செப்டர்’ என்னும் மிதவை அது. நீரில் மிதக்கும் தடுப்பு, குப்பையை மிதவையின் வாய்ப்பகுதிக்குத் திருப்பிவிடுகிறது. அங்குள்ள நகரும் பட்டை குப்பையைத் தூக்கி உள்ளேயுள்ள ஆறு தொட்டிகளில் கொட்டுகிறது. சூரிய ஆற்றலால் இயங்கும் இவ்வியந்திரம் உலகில் முதன்முதலாக நிறுவப்பட்டவற்றுள் ஒன்று.

2021-ஆம் ஆண்டில் கோக்கா-கோலா நிறுவனம் இவ்வமைப்புடன் கைகோத்தது. உலகில் 15 ஆறுகளில் இத்தகைய துப்புரவுப் பணியை விரிவாக்குவதே அக்கூட்டணியின் நோக்கம். இது வரவேற்கத்தக்க செயலே. ஆயினும், இந்தச் செய்திக்கு மறுபக்கமும் உண்டு. தான் ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 3 மில்லியன் டன் நெகிழியைப் பொதிகளுக்குப் பயன்படுத்துவதாக அதே நிறுவனம் தெரிவித்த விவரம் 2019-இல் வெளியானது. 2018 முதல் பல நாடுகளில் தன்னார்வலர்கள் கடற்கரைகளிலும் தெருக்களிலும் நெகிழிக் குப்பையைத் திரட்டி, அதில் எந்த நிறுவனத்தின் பெயர் உள்ளது என்று எண்ணிவருகிறார்கள். அந்தக் கணக்கெடுப்பில் தொடர்ந்து பல ஆண்டுகள் முதலிடத்தில் வந்ததும் கோக்கா-கோலாதான்.

இந்நிறுவனம் அளித்த வாக்குறுதிகளை ஆண்டு வரிசையில் வைத்துப் பார்த்தால் ஒரு பாடம் கிடைக்கிறது. 2018-இல், 2030-ஆம் ஆண்டுக்குள் தான் விற்கும் ஒவ்வொரு போத்தலுக்கும் கலனுக்கும் ஈடாக ஒன்றைத் திரட்டி மறுசுழற்சி செய்ய உதவுவதாக அது அறிவித்தது. 2022-இல், 2030-க்குள் தன் பானங்களில் 25 விழுக்காட்டைத் திரும்பப் பயன்படுத்தக்கூடிய கொள்கலன்களில் விற்பதாகவும் கூறியது. ஆனால், 2024 டிசம்பரில் இலக்குகள் திருத்தப்பட்டன. திரட்டும் அளவு 70 முதல் 75 விழுக்காடாகக் குறைந்தது. காலக்கெடு 2035-க்குத் தள்ளிப்போனது. திரும்பப் பயன்படுத்தும் கொள்கலன் பற்றிய இலக்கு புதிய பட்டியலில் இடம்பெறவில்லை.

மகள் கைப்பேசியில் படித்துக் காட்டியதைக் கேட்ட தாயார் சிரிக்கிறார்.

“நான் சிறுபிள்ளையாக இருந்தபோது தோட்டத்துக் கடையில் கண்ணாடிப் போத்தல்தானே! காலிப் போத்தலைத் திருப்பிக் கொடுத்தால் காசு கிடைக்கும். அந்தக் காசுக்காக ஒரு போத்தலைக்கூட நாங்கள் வீசியதில்லை.”

அவர் சொன்னதில் பெரிய உண்மை அடங்கியுள்ளது. வெறும் குப்பையாக எண்ணும் பொருளை மனிதர் வீசுகிறார். மதிப்புள்ள பொருளைப் பத்திரப்படுத்துகிறார். ஆற்றில் சேர்ந்த குப்பையை அள்ளுவது நோய் வந்தபின் மருந்து கொடுப்பது போன்றது. குப்பையே உருவாகாத வகையில் பொதியை மாற்றுவதுதான் நோய்த்தடுப்பு. முதலாவதைச் செய்வது நிறுவனத்திற்கு எளிது. இரண்டாவது அதன் வணிக முறையையே மாற்றக் கோருகிறது.

‘மறுசுழற்சிக்கு அனுப்பப்பட்டது’ என்னும் சொல்லையும் எச்சரிக்கையோடு படிக்க வேண்டும். 2018 தொடக்கத்தில் சீனா வெளிநாட்டு நெகிழிக் கழிவுக்குக் கதவடைத்தபோது, வளர்ந்த நாடுகளின் கழிவு மலேசியாவின் பக்கம் திரும்பியது. கோல லங்காட் மாவட்டத்தின் ஜென்ஜாரோம் வட்டாரத்தில் உரிமம் இல்லாத தொழிற்கூடங்கள் முளைத்தன. பயன்படாத கழிவை எரித்ததால் எழுந்த புகையைச் சுவாசித்த ஊர்மக்கள் குரல் எழுப்பினார்கள். அரசு அத்தொழிற்கூடங்களை மூடியது. 2020 ஜனவரிக்குள் 150 கொள்கலன்கள் 13 நாடுகளுக்குத் திருப்பி அனுப்பப்பட்டன. எங்கோ ஒருவர் மறுசுழற்சித் தொட்டியில் நம்பிக்கையோடு போட்ட பொருள், சிலாங்கூரில் புகையாக முடிந்திருந்தது.

இரண்டாவது: சவர்க்காரம்

சவர்க்காரம், பிஸ்கட், உடனடி மீ, சாக்லேட், சமையல் எண்ணெய் என மளிகைக் கடையின் பாதிப் பொருள்களில் செம்பனை எண்ணெய் கலந்திருக்கிறது. மலேசியாவில் வணிக நோக்கிலான முதல் செம்பனைத் தோட்டம் 1917-இல் கோல சிலாங்கூரின் தென்னமரம் தோட்டத்தில் தொடங்கியது. அதன்பின் பால்மரக் காடுகள் பல செம்பனைக்கு மாறின. அத்தோட்டங்களில் வியர்வை சிந்தியவர்களுள் தமிழர் பலர். கிள்ளான் பள்ளத்தாக்கில் வாழும் எத்தனையோ குடும்பங்களுக்குத் தோட்டப்புறமே தாத்தா பாட்டியின் ஊர்.

செம்பனை ஒரு வியப்பான பயிர். ஒரே அளவு நிலத்தில் சோயாவைவிடப் பல மடங்கு எண்ணெய் தருகிறது. உலகச் செம்பனை எண்ணெயில் மிகப் பெரும் பகுதி இந்தோனேசியாவிலும் மலேசியாவிலும் விளைகிறது. ஆனால், தோட்டங்கள் விரிந்தபோது காடுகள் சுருங்கின. இலைதழைகள் மக்கிக் கரியாகப் படிந்திருந்த சதுப்பு நிலங்கள் வடிகட்டப்பட்டன. காய்ந்த அந்நிலம் தீப்பற்றினால் வாரக்கணக்கில் புகையும். 2005 ஆகஸ்டில் சுமத்ராவிலிருந்து வந்த புகைமூட்டத்தால் கிள்ளான் துறைமுகத்திலும் கோல சிலாங்கூரிலும் அவசரநிலை அறிவிக்கப்பட்டது. பள்ளிகள் மூடப்பட்டன.

தீயின்றித் தோட்டத்தைப் புதுப்பிக்க முடியாதா? முடியும் என்று மலேசிய நிறுவனம் ஒன்றே காட்டியிருந்தது. கோல்டன் ஹோப் தோட்ட நிறுவனம், மறுநடவின்போது பழைய மரங்களை எரிக்காமல் துண்டாக்கி நிலத்திலேயே மக்கவிடும் முறையை வளர்த்தெடுத்தது. மக்கிய மரம் மண்ணுக்கு உரமாகியது. இதற்காக அந்நிறுவனம் 1992-இல் ஐக்கிய நாடுகள் சுற்றுச்சூழல் திட்டத்தின் ‘குளோபல் 500’ விருதைப் பெற்றது.

2003 ஆகஸ்டில் தோட்ட நிறுவனங்கள், எண்ணெய் வாங்கும் பன்னாட்டு நிறுவனங்கள், இயற்கைப் பாதுகாப்பு அமைப்புகள் ஆகியவை கோலாலம்பூரில் ஒன்றுகூடின. அதன் விளைவாக, 2004-இல் நிலைபேறான செம்பனை எண்ணெய்க்கான வட்டமேசை அமைப்பு உருவாயிற்று. ஆர்.எஸ்.பி.ஓ. என்று சுருக்கமாக அழைக்கப்படும் இதன் செயலகம் கோலாலம்பூரிலேயே உள்ளது. உலக வனவிலங்கு நிதியம், மலேசியச் செம்பனை எண்ணெய்ச் சங்கம், யூனிலீவர் நிறுவனம் முதலியவை இதன் தொடக்க உறுப்பினர்கள். காட்டை அழிக்காமலும் தொழிலாளரைச் சுரண்டாமலும் விளைந்த எண்ணெய்க்குத் தணிக்கை செய்து சான்றிதழ் வழங்குவதே இதன் பணி. உலகச் செம்பனை எண்ணெயில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு இன்று இச்சான்றிதழைப் பெற்றிருக்கிறது. மலேசிய அரசும் எம்.எஸ்.பி.ஓ. என்னும் தேசியச் சான்றிதழை 2020 ஜனவரி முதல் கட்டாயமாக்கியது.

விதி எழுதுவது ஒன்று. விதிக்குப் பல் இருப்பது வேறொன்று. 2010-இல் கிரீன்பீஸ் அமைப்பு, நெஸ்லே நிறுவனத்தின் சாக்லேட்டைக் கடிப்பவர் ஓராங் ஊத்தானின் விரலைக் கடிப்பதுபோல ஒரு காணொளியை வெளியிட்டது. இரண்டே மாதங்களில், காடழிப்போடு தொடர்புள்ள எண்ணெயை வாங்குவதில்லை என்று நெஸ்லே அறிவித்தது. 2016-இல், இந்தோனேசியாவின் கலிமந்தான் தோட்டங்கள் தொடர்பான புகாரை அடுத்து, மலேசியாவின் ஐ.ஓ.ஐ. குழுமத்தின் சான்றிதழை ஆர்.எஸ்.பி.ஓ. சில மாதங்களுக்கு நிறுத்திவைத்தது. யூனிலீவர், மார்ஸ், கெல்லாக் போன்ற வாடிக்கையாளர்கள் அக்குழுமத்திடம் வாங்குவதை நிறுத்தினார்கள். குழுமம் திருத்தத் திட்டம் வகுத்த பிறகு சான்றிதழ் மீண்டும் கிடைத்தது. வாங்குபவர் விலகினால் விற்பவர் மாறுகிறார் என்பதற்கு இது சான்று.

எனினும், குறைகளும் உள்ளன. தணிக்கைக்கான கட்டணத்தைத் தணிக்கை செய்யப்படும் நிறுவனமே செலுத்துகிறது. பெரிய நிறுவனம் எளிதில் தாங்கும் சான்றிதழ்ச் செலவு, சில ஏக்கர் வைத்திருக்கும் சிறுதோட்டக்காரருக்குச் சுமையாகிறது. இவ்விரண்டும் இன்னும் முழுமையாகத் தீராத சிக்கல்கள்.

ஒரே நிறுவனம், இரண்டு முகங்கள்

ஆர்.எஸ்.பி.ஓ. அமைப்பைத் தோற்றுவித்தவர்களுள் ஒன்றான யூனிலீவருக்கு, தமிழ்நாட்டின் கொடைக்கானலில் வேறொரு வரலாறு உண்டு. அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் இயங்கிய ஒரு வெப்பமானித் தொழிற்சாலை 1980-களில் கொடைக்கானலுக்கு இடம் மாற்றப்பட்டது. அத்தொழிற்சாலையை நடத்திய பாண்ட்ஸ் நிறுவனத்தை யூனிலீவர் வாங்கியபோது, தொழிற்சாலையும் அதன் இந்தியக் கிளையான இந்துஸ்தான் லீவரிடம் வந்து சேர்ந்தது. வெப்பமானிக்குள் இருப்பது பாதரசம். அது நரம்பையும் சிறுநீரகத்தையும் பாதிக்கக்கூடிய நஞ்சு.

2001 மார்ச்சில், பாதரசம் ஒட்டிய உடைந்த கண்ணாடிக் கழிவு ஊருக்குள் இருந்த ஒரு பழைய பொருள் கிடங்கில் கிடப்பதை ஊர்மக்களும் சுற்றுச்சூழல் ஆர்வலர்களும் வெளிப்படுத்தினார்கள். அம்மாதமே தொழிற்சாலை மூடப்பட்டது. 2003-இல் 290 டன் பாதரசக் கழிவு கப்பலேற்றி அமெரிக்காவுக்குத் திருப்பி அனுப்பப்பட்டது. தொழிலாளர்களின் உடல்நலத்திற்குத் தொழிற்சாலையால் கேடு விளையவில்லை என்று நிறுவனம் கூறிவந்தது. தொழிலாளர்கள் அதை ஏற்கவில்லை. 2015-இல் சென்னையைச் சேர்ந்த பாடகி சோஃபியா அஷ்ரஃப் இப்பிரச்சினையைப் பற்றிப் பாடிய காணொளி உலகெங்கும் பரவியது. தொழிற்சாலை மூடப்பட்டுப் பதினைந்து ஆண்டுகள் கழிந்த பின், 2016 மார்ச்சில், 591 முன்னாள் தொழிலாளர்களுடன் நிறுவனம் உடன்பாடு செய்துகொண்டது. மண்ணை எந்த அளவுக்குத் தூய்மைப்படுத்த வேண்டும் என்னும் வாதம் அதன்பிறகும் தொடர்ந்தது. பணக்கார நாடுகளில் பின்பற்றும் அளவுகோல் கொடைக்கானலுக்கும் வேண்டும் என்பதே ஆர்வலர்களின் கோரிக்கை.

“அம்மா, ஒரே நிறுவனம் எப்படி இரண்டு விதமாக நடந்துகொள்கிறது?” என்று மகள் கேட்கிறாள்.

“நிறுவனம் என்றால் ஒரே ஆளா, கண்ணு? ஓரிடத்தில் கேட்க ஆள் இருக்கும்; இன்னோரிடத்தில் இருக்காது. கேட்கிற இடத்தில் ஒழுங்காக நடப்பார்கள்” என்கிறார் தாயார்.

மூன்றாவது: சட்டை

திருப்பூர், தமிழ்நாட்டின் பின்னலாடை நகரம். உலகின் பெயர்பெற்ற ஆடை நிறுவனங்கள் பலவற்றுக்கு அங்கிருந்துதான் டி-சட்டைகள் செல்கின்றன. அந்நகரின் ஊடே நொய்யல் ஆறு ஓடுகிறது. வெள்ளியங்கிரி மலையில் பிறந்து காவிரியில் கலக்கும் ஆறு அது.

வெள்ளைத் துணிக்கு நிறமேற்ற நிறைய நீரும் உப்பும் சாயமும் தேவை. சாயப்பட்டறைகளின் கழிவுநீர் நொய்யலில் கலந்தது. உழவருக்குப் பாசனநீர் தருவதற்காக ஒரத்துப்பாளையத்தில் 1990-களின் தொடக்கத்தில் ஓர் அணை கட்டப்பட்டது. சில ஆண்டுகளிலேயே அவ்வணை சாயக்கழிவு தேங்கும் குளமாக மாறியது. வயல்கள் உப்பேறின, கிணறுகள் பாழாயின. அணை கட்டியது யாருக்காகவோ, அந்த உழவர்களே அதன் நீரைத் திறக்க வேண்டாம் என்று சொல்லும் நிலை வந்தது.

உழவர்கள் நீதிமன்றம் சென்றார்கள். சாயப்பட்டறைகள் ஒரு சொட்டுக் கழிவுநீரைக்கூட வெளியேற்றக்கூடாது என்று சென்னை உயர்நீதிமன்றம் கூறியது. அது நடைமுறையாகாத நிலையில், 2011 ஜனவரியில் திருப்பூரின் சாயப்பட்டறைகள் அனைத்தையும் மூட உத்தரவிட்டது. நூற்றுக்கணக்கான பட்டறைகள் ஒரே நேரத்தில் நின்றன. தொழிலாளர்கள் வேலையிழந்தார்கள். அதன்பின், கழிவுநீரைச் சுத்திகரித்து, நீரையும் உப்பையும் பிரித்தெடுத்து மீண்டும் சாயமேற்றவே பயன்படுத்தும் தொழில்நுட்பத்துடன் பட்டறைகள் படிப்படியாகத் திறந்தன. பத்துப் பங்கு நீரில் ஏறத்தாழ ஒன்பது பங்கு திரும்பக் கிடைக்கும் இம்முறை, ஆடைத்தொழில் கற்ற அரிய பாடம்.

அதே 2011-இல், ஆடைகளில் பயன்படும் நச்சு வேதிப்பொருள்களை எதிர்த்துக் கிரீன்பீஸ் அமைப்பு உலகளாவிய இயக்கம் தொடங்கியது. நைக்கி, அடிடாஸ், எச் அண்ட் எம் முதலிய நிறுவனங்கள் 2020-க்குள் அத்தகைய வேதிப்பொருள்களை விலக்குவதாக உறுதி கூறி, அதற்கெனப் பொதுவான அமைப்பையும் ஏற்படுத்தின. தடை செய்யப்பட்ட வேதிப்பொருள்களின் பட்டியல் ஒன்று சாயப்பட்டறைகளுக்குச் சென்றது.

ஆயினும், திருப்பூரில் ஒரு கேள்வி எஞ்சியிருக்கிறது. நீரைச் சுத்திகரிக்க மின்சாரம் வேண்டும், இயந்திரம் வேண்டும், கடன் வேண்டும். ஒரு சட்டையின் சாயச்செலவு அதனால் கூடுகிறது. அந்தக் கூடுதல் செலவைச் சட்டையை வாங்கும் பெரிய நிறுவனம் ஏற்றுக்கொள்கிறதா? அல்லது, ‘சுத்தமாகவும் செய்யுங்கள், விலையையும் குறையுங்கள்’ என்று பட்டறைக்காரரிடமே சுமையை விட்டுவிடுகிறதா? விலையில் சில காசு குறைவு என்பதற்காக, விதி தளர்வாக உள்ள வேறோர் ஊருக்கு வேலையைக் கொடுத்துவிட்டால், ஒழுங்காக நடந்தவரே தண்டனை பெற்றவர் ஆகிறார்.

வாக்குறுதியை எப்படிப் படிப்பது?

மூன்று பொருள்களும் மூன்று கதைகளைச் சொல்லின. அவற்றை ஒன்றுசேர்த்துப் பார்த்தால், எந்த நிறுவனத்தின் சுற்றுச்சூழல் அறிக்கையையும் சோதிக்க நான்கு வினாக்கள் கிடைக்கின்றன.

முதலாவது, இலக்குக்கு அளவும் காலமும் உண்டா? ‘பசுமையை நேசிக்கிறோம்’ என்பது விளம்பரம். ‘இந்த ஆண்டுக்குள் இத்தனை விழுக்காடு குறைப்போம்’ என்பது வாக்குறுதி. காலம் நெருங்கும்போது அந்த எண் மாறாமல் இருக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும். போத்தல் கற்பித்த பாடம் இது.

இரண்டாவது, சரிபார்ப்பவர் யார்? நிறுவனம் தனக்குத்தானே மதிப்பெண் போட்டுக்கொள்கிறதா, வெளியார் சோதிக்கிறார்களா? தவறு கண்டால் சான்றிதழைப் பறிக்கும் துணிவு அந்த அமைப்புக்கு உண்டா? செம்பனை கற்பித்த பாடம் இது.

மூன்றாவது, எல்லா நாட்டிலும் ஒரே அளவுகோலா? ஐரோப்பாவில் ஒரு நியாயம், ஆசியாவில் ஒரு நியாயம் என்றால் அது நிலைத்தன்மை ஆகாது. கொடைக்கானல் கற்பித்த பாடம் இது.

நான்காவது, செலவைச் சுமப்பவர் யார்? ஆதாயம் தலைமையகத்துக்கும் சுமை சாயப்பட்டறைக்கும் உழவருக்கும் என்று பிரிந்தால், அந்தப் பசுமை நெடுநாள் நிற்காது. திருப்பூர் கற்பித்த பாடம் இது.

இந்நான்கும் நிறுவனங்களைப் பழிப்பதற்கான வினாக்கள் அல்ல. கோல்டன் ஹோப் எரிக்காமல் மறுநடவு செய்து காட்டியது. நெஸ்லே தன் கொள்முதல் முறையை மாற்றிக்கொண்டது. திருப்பூரின் பட்டறைகள் ஆற்றில் விட்ட நீரை மீண்டும் தொட்டிக்கே கொண்டுவந்தன. மாற்றம் இயலும் என்பதற்கு இவை சான்றுகள். ஆனால், ஒவ்வொரு மாற்றத்திற்கும் முன்னால் யாரோ ஒருவர் கேள்வி கேட்டிருக்கிறார். அவர் ஓர் உழவர், ஒரு தொழிலாளி, ஜென்ஜாரோமில் புகையைச் சுவாசித்த ஒரு குடும்பத்தலைவி.

இருட்டத் தொடங்குகிறது. தாயும் மகளும் மஸ்ஜித் ஜாமெக் நிலையத்தை நோக்கி நடக்கிறார்கள். ஆற்றங்கரையில் மாணவி ஒரு கணம் நிற்கிறாள். விளக்கொளியில் கிள்ளான் ஆறு அமைதியாக ஓடுகிறது. காலியான போத்தல் அவள் கையில் இருக்கிறது. அதை வீட்டுக்கே கொண்டுபோக எண்ணிப் பையில் வைக்கிறாள்.

“ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்று உன் பாட்டி சொல்வார்” என்கிறார் தாயார்.

செலவு செய்தாலும் கணக்கோடு செய்ய வேண்டும் என்பதற்காக முன்னோர் சொன்ன பழமொழி அது. இன்றைக்கு அது நிறுவனங்களுக்கும் பொருந்தும். ஆற்றில் எவ்வளவு போட்டோம், காட்டிலிருந்து எவ்வளவு எடுத்தோம், அதில் எவ்வளவு திருப்பிக் கொடுத்தோம் என்று அளந்து சொல்லும் நிறுவனமே நம்பத்தக்கது. அளந்து பார்த்துக் கேட்கும் வாடிக்கையாளர் இருக்கும்வரைதான் அந்த அளவும் சரியாக இருக்கும்.

ரயில் வருகிறது. மாணவி குறிப்பேட்டை எடுத்துக் கட்டுரையின் முதல் வரியை எழுதத் தொடங்குகிறாள்.